இரண்டாம் பக்கத்தை நம்பாதீர்கள்

1

இந்தக் கதைக்குக் காரணம் என் வாய்தான். ஓர் இசைச் சங்கத்தார் மலர் ஒன்று போடுகிறோம் என்றார்கள். மேல்நாட்டு நால்வர் தந்தியிசையைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு விளக்கி நாலு பக்கம் எழுதித் தர முடியுமா என்றும் கேட்டார்கள். அதற்கென்ன, தந்துவிடலாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதமாயிற்று. இதுவரை எழுதியது இவ்வளவுதான்:

'நால்வர் தந்தியிசை என்பது இரண்டு பிடில், அதைவிடக் கொஞ்சம் பெரிய பிடில் ஒன்று, முழங்காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கும் மிகப் பெரிய பிடில் ஒன்று ஆகிய நான்கும் சேர்ந்து

சேர்ந்து என்ன செய்கின்றன என்று சொல்லும் இடத்தில் பேனா படுத்துவிட்டது. முப்பது வருடமாகக் கேட்கிறேன், ஒரு வாக்கியம் வரவில்லை. அந்த எரிச்சலில்தான் ஒன்று தோன்றியது. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாத ஊரில், புரட்டிப் பார்க்கப் புத்தகமும் இல்லாமல், ஒருவர் இதே வேலையை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊர் ராஜபாளையம், வருடம் 1941. அவர் பெயர் ஞானரத்தினம். (இப்படி ஒருவர் இருந்ததில்லை, நான் உண்டாக்கியவர். இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவருக்காக நீங்கள் வருத்தப்பட்டால் என்னை ஏமாற்றுக்காரன் என்று சொல்லக் கூடாது.)

2

தொடக்கம் ஒன்று: 'மலையிலிருந்து இறங்கிய காற்று' — அடித்துவிட்டேன். ராஜபாளையத்தைப் பற்றி எழுத உட்காருகிற எல்லோரும் முதலில் காற்றைத்தான் இறக்குகிறார்கள்.

தொடக்கம் இரண்டு: 'தன் ஒரே மகனைப் பட்டாளத்துக்கு அனுப்பிய எந்தத் தகப்பனும்' — இதுவும் வேண்டாம். எந்தத் தகப்பனும் என்று ஆரம்பித்தால் இந்தத் தகப்பன் காணாமல் போய்விடுவார்.

ஆகவே விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஞானரத்தினம் அச்சுக் கோப்பவர். காலையில் ராஜபாளையத்தில் ரயிலேறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் சுயம்புலிங்கம் நடத்திய அச்சாபீசில் நாள் முழுக்க நின்றபடி எழுத்துக் கோத்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். அதிகம் பேசமாட்டார். மனைவி தேவகிருபை அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். மகன் பால்துரை சிங்கப்பூரில் பட்டாள ஆபீஸ் குமாஸ்தா. பட்டாளத்துக்குப் போவதற்கு முன்பு அவன் வாங்கி வைத்த, கையால் சாவி கொடுக்கும் கிராமபோன் ஒன்று வீட்டில் இருந்தது.

1941 அக்டோபரில் அவனிடமிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. தம் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் விட்டுச்சென்ற நாலு இசைத்தட்டுகள், உறைகள் சேர்த்துத் தைத்த ஓர் அட்டைப் புத்தகத்தில் இருந்தன. வழியில் எங்கோ பெட்டி நனைந்துவிட்டதால், பெயரும் பக்க எண்ணும் அச்சடித்துத் தட்டுகளின் நடுவில் ஒட்டியிருந்த காகிதங்கள் ஊறி உரிந்து கூழாகியிருந்தன. கூடவே ஒரு கடிதம்.

"அப்பா, நாலு பேரு சேந்து வாசிக்காங்க. ஆபீசர் இதக் கேட்டுட்டுக் கண்ணத் தொடைப்பாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. நீங்க கேட்டு, இத எப்படிக் கேக்கணும்னு எழுதி அனுப்புங்க. லீவுல வந்ததும் ஒண்ணா இருந்து கேப்போம்."

எனக்கு மலர்க்காரர்கள் வைத்த வேலையை அவருக்கு மகன் வைத்துவிட்டான்.

3

ஞானரத்தினம் உறைகளில் இருந்த வரிசைப்படியே தட்டுகளை எடுத்தார். முதல் தட்டின் முன்பக்கத்தைப் போட்டார், அது ஓடி முடிந்ததும் திருப்பிப் பின்பக்கத்தைப் போட்டார், பிறகு இரண்டாம் தட்டை எடுத்தார். புத்தகத்தில் ஒரு தாளின் முன்பக்கத்தைப் படித்தவன் அதன் பின்பக்கத்தைத்தானே படிப்பான்? நாலு தட்டு, எட்டுப் பக்கம், ஒவ்வொன்றும் நாலு நிமிஷம்.

பக்கத்து வீட்டுத் தெலுங்கு பேசும் அம்மாள் முதல் நாள் எட்டிப் பார்த்து, மில் மெஷினுக்கு எண்ணெய் போடவில்லையா என்று விசாரித்தாள். தேவகிருபைக்கும் சிரிப்பு. ஆனால் அவர் விடவில்லை. இரண்டு மாதம், தினமும் சாயங்காலம் கேட்டார். கோர்ட்டு நோட்டீசில் விடுபட்ட ஒற்றைப் புள்ளியைக் கண்டுபிடிக்கும் மனிதர், நாலு வாத்தியத்தையும் தனித்தனியே பிரித்தெடுத்துவிட்டார். (இங்கே எனக்குப் பொறாமை.) அவர் எழுதியதிலிருந்து கொஞ்சம்:

'நம் கச்சேரியில் ஒருவர் பாட மற்றவர்கள் துணை நிற்பார்கள். இதில் துணை என்று ஒருவரும் இல்லை. ஒரு வீட்டில் நாலு பேர் இருப்பதுபோல் இருக்கிறார்கள். ஒருவர் ஆரம்பித்த பேச்சை இன்னொருவர் முடிக்கிறார்.'

'மூன்றாவது வாத்தியத்தைத் தேடிக் கேட்க வேண்டாம். அது வாசிக்கும்போது தெரியாது. நின்றால்தான் தெரியும்.'

'இரண்டாம் பக்கத்தில் வேகமெடுத்து, கடைசியில் இரண்டு வெட்டு வெட்டி நிற்கும். எல்லாம் முடிந்துவிட்டதுபோல் நடிக்கும். நம்பாதீர்கள். பெட்டியை மூடிவிடாதீர்கள். இன்னும் ஆறு பக்கம் இருக்கிறது.'

'எட்டாம் பக்கத்தில் மெதுவான பாட்டு ஒன்று நடுவழியில் நிற்கும். பெரிய பிடில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, முள் தட்டின் நடுவுக்குப் போய்விடும். எழுதியவர் இதை முடிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கேட்பவர் காத்திருக்க வேண்டும்.'

எட்டுப் பக்கத்துக்கு எட்டுப் பக்கக் கைநூல். தானே கோத்து அச்சில் ஒரே ஒரு பிரதி இழுத்தார், மகனுக்காக.

4

தபாலில் சேர்க்க நினைத்த வாரத்தில் சிங்கப்பூர் ஜப்பான்காரர்களிடம் விழுந்தது. சில மாதம் கழித்து அரசாங்கக் காகிதம் வந்தது: பால்துரையைக் காணவில்லை.

இந்தப் பகுதியை நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். தேவகிருபையை அழவைத்துப் பார்த்தேன், மயக்கம் போட வைத்துப் பார்த்தேன். அவள் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் செய்தது வேறு. காகிதத்தைக் கணவரை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "இது அந்த ரெண்டாம் பக்கம் மாதிரிதான். முடிஞ்ச மாதிரி நடிக்கும். நீங்கதான எழுதியிருக்கிய, நம்பக்கூடாதுன்னு" என்றாள்.

அன்றிலிருந்து சாயங்காலம் எட்டுப் பக்கத்தையும் போடச் சொல்வாள். இரண்டாம் பக்கத்தில் அந்த இரண்டு வெட்டும் வரும்போது தலையை ஆட்டுவாள், பொய் சொல்லும் பிள்ளையைப் பார்த்து ஆட்டுவதுபோல. எட்டாம் பக்கம் நடுவில் நின்றதும் எழுந்து வேலையைப் பார்க்கப் போவாள். பையன் வருவான் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

5

ஏசுவடியான் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. உண்மையைச் சொல்வதற்கென்றே கதைக்குள் வருகிற ஆட்களை நான் வாசலிலேயே நிறுத்திவிடுவது வழக்கம். அவருக்குப் பதில் ஒரு கடிதத்தை வரவழைத்தேன், பழைய பத்திரிகை ஒன்றை வரவழைத்தேன். இரண்டுக்கும் உயிர் இல்லை. ஆகவே அவரே வரட்டும்.

1944. செட்டியார்பட்டிக்காரர். பட்டாளத்தில் கால் போய், ஊன்றுகோலுடன் திரும்பியவர். தங்கைக்குக் கல்யாணக் கார்டு அடிக்க அச்சாபீசுக்கு வந்தவர், ஞானரத்தினத்தின் மேசையில் இருந்த கைநூலை எடுத்துப் படித்தார். பூனாவில் அதிகாரிகள் விடுதியில் கிராமபோனைப் பார்த்துக்கொள்வதே தம் வேலை என்றார். தட்டுகள் எப்படி வந்தன, எப்படிப் போட்டார் என்றெல்லாம் விசாரித்தார்.

"அண்ணாச்சி, இது கையால திருப்பிப் போடுத தட்டு இல்ல. தானா விழுற மெஷினுக்குன்னு செஞ்சது. நாலையும் அடுக்கி வச்சா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து நாலு முன்பக்கமும் பாடும். பொறவு அம்புட்டையும் அப்படியே சேத்துக் கவுத்து வைக்கணும். மொதத் தட்டோட பின்பக்கம் இருக்கே, அதுதான் கடைசி."

ஞானரத்தினம் வீணான தாள் ஒன்றை எடுத்து இரண்டு தடவை மடித்தார். மூலையில் ஒன்றிலிருந்து எட்டு வரை எண் போட்டு விரித்தார். ஒன்றும் எட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இருபத்தெட்டு வருடமாக அவர் செய்துவரும் வேலை அது. எட்டுப் பக்கம் அச்சடிக்கும்போது ஒன்றையும் எட்டையும் ஒட்டித்தான் வைப்பார். தினமும் கையால் செய்ததைக் காதால் கேட்டபோது தெரியாமல் போய்விட்டது.*

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இந்த இடத்தில் அவரை நான் தேற்றியிருக்கலாம். சுயம்புலிங்கத்தை உள்ளே அனுப்பிக் காப்பி வாங்கிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தேவகிருபை மாதர் சங்கத்துக்குப் போயிருந்தபோது சரியான வரிசையில் போட்டுக் கேட்டார். நடுவழியில் நிற்பதாக அவர் எழுதியிருந்த மெதுவான பாட்டு நிற்கவில்லை. நாலாம் தட்டின் பின்பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து மூன்றாம் தட்டின் பின்பக்கத்தில் தொடர்ந்து, அமைதியாக முடிந்தது. பிறகு வேகம். பிறகு முதல் தட்டின் பின்பக்கம், அந்த இரண்டு வெட்டு.

இத்தனை நாளும் பொய் என்று எழுதி வைத்திருந்தது பொய்யில்லை. அது முடிவேதான். அவர் கிராமபோன் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டுகளைப் பழைய இடத்தில் வைத்தார்.

அன்று சாயங்காலம் பழைய வரிசையிலேயே போட்டார். மறுநாளும் அப்படியே. அவள் தலையை ஆட்டும் நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளப் பழகினார். ஒரு வருடத்துக்கு மேல் இது நடந்தது. அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றை எந்தக் கையால் அறுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, ஆகவே வருடத்தைத் தாண்டிவிட்டேன்.

7

1945 நவம்பர். சண்டை முடிந்து இரண்டு மாதம் கழித்து அடுத்த காகிதம் வந்தது. பால்துரை 1943 ஜூலையில் கைதிகள் முகாமில் காய்ச்சலால் இறந்துபோனான். தேதிகூட இருந்தது. அவர்கள் இருவரும் காத்திருந்த மூன்றரை வருடத்தில் பெரும்பகுதி அவன் இல்லாத காலம்.

போதகர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் வந்து போனார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் தேவகிருபை கிராமபோனைத் துடைத்து வைத்தாள். அவர் வழக்கம்போல் முதல் தட்டைப் போட்டார். முன்பக்கம் ஓடி முடிந்து, அவர் அதைத் திருப்பப் போனபோது அவள் கையைப் பிடித்தாள்.

"திருப்பாதிய. ஏசுவடியான் சொன்ன மாதிரி போடுங்க."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"கோயில்ல வச்சு எங்கிட்டயும் சொன்னான், போன வருசமே. நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். சொல்லல. சரி, இவியளுக்கு இது வேணும்போலன்னு நானும் தலைய ஆட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

அவர் என்ன பதில் சொன்னார் என்று எழுத நெடுநேரம் முயன்றேன். 'தேவகிருபை, நான்' என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

"எம்புள்ள பாதியிலயே நிக்கான்" என்றாள் அவள். "எம்புட்டு நாளைக்கி அவன அங்கனயே நிக்க வைக்கது? முடிச்சு விடுங்க."

8

முடிவு ஒன்று: அவர் சரியான வரிசையில் போடுகிறார், இசை முடிகிறது, அவள் எழுந்துபோய் உலை வைக்கிறாள். எழுதியதும் எனக்கே மிகவும் பிடித்துப்போயிற்று. அதனாலேயே அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: அவரால் முடியவில்லை. தட்டைக் கீழே போட்டு உடைக்கிறார். இது நாடகமேடைக்காரன் வேலை. எழுத்துக் கோக்கும் கை எதையும் கீழே போடாது.

முடிவு மூன்று: காகிதத்தில் தவறு. பால்துரை என்ற பெயரில் இன்னொருவன். இவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறான். இதை எழுதிய அரைநாள் நான் சந்தோஷமாக இருந்தேன். சாயங்காலம் கிழித்துப் போட்டேன். அந்த மாதிரிக் காகிதம் எத்தனையோ வீட்டுக்கு வந்தது. அந்த வாசல்களில் வந்து நிற்க யாரும் இல்லை.

ஆகவே இதுவரைதான் என்னால் வர முடிந்தது. சரியான வரிசையில் ஏழு பக்கம் ஓடி முடிந்துவிட்டது. மெதுவான பாட்டு நடுவில் நிற்காமல் போய் முடிந்ததை அவர்கள் இருவரும் முதல்முறையாகச் சேர்ந்து கேட்டார்கள். இன்னும் நாலே நிமிஷம்தான் பாக்கி. ஞானரத்தினம் சாவி கொடுத்துவிட்டார். முதல் தட்டின் பின்பக்கத்தை மேலே வைத்துச் சுழலவும் விட்டுவிட்டார். முள்ளைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், கை இறங்க மறுக்கிறது.

மலர்க்காரர்கள் மன்னிக்க வேண்டும், இதற்குமேல் விளக்கம் எழுத எனக்கு வராது. தேவகிருபை கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருக்கிறாள். அவர் தயாராக இல்லை. நானும் இல்லை. நான் வெளியே நிற்கிறேன், முள்ளை நீங்கள் வையுங்கள்.