துணைக்குப் போனவள்

கட்டி வந்தது நாத்தனாருக்கு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

நாற்பது தாண்டியும் வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பேர். குளிக்கும்போது வலது மார்பில் கோலிக்குண்டு போல ஏதோ கைக்குத் தட்டுப்பட்டது. சில வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அண்ணியிடம் மட்டும் சொன்னாள். அண்ணி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்ததில்லை.

"எனக்கு பயமா இருக்கு அண்ணி. நான் வரல."

"வராட்டி வேன்ல தூக்கிப் போட்டுக் கொண்டுபோவேன். கிளம்பு."

ஆஸ்பத்திரியில், மார்பைப் படம் எடுக்கும் அறை வாசலில் வாண்டு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அண்ணியும் எடுத்துக்கொண்டால்தான் உள்ளே போவாளாம்.

"எனக்கு எதுக்குடி? எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

படம் எடுக்கும் பெண் சிரித்தாள். "ஒண்ணும் இல்லாதப்ப எடுக்கறதுதாங்க நல்லது. உங்க வயசுக்கு எடுத்துப் பாக்க வேண்டியதுதான். டாக்டர்கிட்ட சொல்லி எழுதி வாங்கிட்டு வாங்க."

அண்ணிக்கு மதியம் வேனை எடுக்க வேண்டும். வாதாடிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்றுதான் ஒத்துக்கொண்டாள். இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷம் அதை மறந்தும் போனாள்.

முடிவு தெரிந்துகொள்ள இருவரும் சேர்ந்தே போனார்கள். டாக்டரம்மா முதலில் வாண்டுவைப் பார்த்தார். "உங்களுக்கு வெறும் நீர்க்கட்டி. ஸ்கேன்லயும் அதான் தெரியுது. பயப்பட ஒண்ணுமில்ல." பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தான் இடது பக்கம் பொடிப்பொடியா வெள்ளைப் புள்ளி இருக்கு. ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம்."

அண்ணி பொறுமையாகச் சொன்னாள்: "பேர் மாறியிருக்கு டாக்டர். கட்டி இவளுக்கு. நான் துணைக்கு வந்தவ."

டாக்டரம்மா பேரையும் வயதையும் மறுபடி சரிபார்த்தார். கையால் தடவிப் பார்த்தார். எதுவும் தட்டுப்படவில்லை.

"பாத்தீங்களா? உங்க கைக்கே ஒண்ணும் கிடைக்கல," என்றாள் அண்ணி.

"கைக்குக் கிடைக்கிற அளவுக்கு இன்னும் வளரலம்மா. அதுக்கு முன்னாடியே படத்துல விழுந்துடுச்சு."

அண்ணி விடவில்லை. இன்னொரு தடவை படம் எடுக்கச் சொன்னாள். எடுத்தார்கள். உப்புத் தூளைச் சிந்தினது போல அதே புள்ளிகள், அதே இடத்தில். சதையைச் சோதித்துப் பார்த்துப் புற்றுநோய்தான் என்று சொன்னார்கள். ஆரம்பம்தான், அந்த இடத்தை மட்டும் எடுத்தால் போதும் என்றார்கள்.

அண்ணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வலி இல்லை, கட்டி இல்லை, பசி நன்றாக எடுக்கிறது. அன்று மாலையும் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட்டாள். பழகின தெருவில் இடதுபக்கம் திரும்ப வேண்டியவள் நேராகப் போய்விட்டாள். "வேன் ஆன்ட்டி, எங்க வீடு போயிடுச்சு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

தங்கைக்கு ஆறுதலாகப் பழம் வாங்கிக்கொண்டு வந்த அண்ணியின் புருஷன், விஷயம் தெரிந்ததும் பையை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நடு ஹாலில் நின்றார். முதலில் தங்கையிடம் நீட்டினார், அப்புறம் மனைவியிடம். கடைசியில் நாற்காலியில் வைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வாண்டுதான் தேம்பித் தேம்பி அழுதாள். "என்னாலதான் அண்ணி. நான் இழுத்துட்டுப் போகலன்னா உங்களுக்கு இது வந்திருக்காது."

"வந்திருக்கும்டி. தெரிஞ்சிருக்காது." சொன்ன பிறகுதான் அண்ணிக்கே அது உறைத்தது. வாண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நோய் அக்குளுக்குப் பரவவில்லை. சில வாரம் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்தார்கள். போக வர வாண்டுதான் துணை. அங்கே பயந்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடமெல்லாம் கேட்காமலே வழி சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மறுபடி வேன் ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, "இப்ப எப்படி இருக்கு?" என்று புருஷன் கேட்டார்.

அண்ணி யோசித்தாள். "ஜம்முனு இருந்தப்ப நோயாளின்னாங்க. இப்ப கையைத் தூக்கினா இழுக்குது, நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. நல்லாயிட்டேன்ங்கறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

"அவங்க சொல்றதையே சொல்லு," என்றார் அவர்.

"நல்லா இருக்கேன்," என்றாள் அண்ணி. கொஞ்சம் சந்தேகத்தோடுதான்.