உஷாந்தியின் வில் எந்தப் பக்கம் வளைய வேண்டும்?

1

இந்தக் கதையை வெள்ளவத்தையில் ஒரு கச்சேரியின் மூன்றாவது வரிசையிலிருந்து களவெடுத்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வயலின் வாசித்த பெண்ணின் வில்லில் ஏதோ கோளாறு. இன்றைய வில்லின் குச்சி, அதில் கட்டிய குதிரைமுடியை நோக்கி உள்ளே குனிந்திருக்கும். அவளுடையதோ வெளியே புடைத்திருந்தது. ஏன் என்று கேட்க வெட்கம். ஆகவே அவளுக்கு உஷாந்தி என்று பேர் வைத்து, மிச்சத்தை நானே கட்டினேன்.

2

முதல் தொடக்கம்: ஆதிமனிதன் ஒரு கொப்பை வளைத்து நாண் பூட்டியபோது—

(வேண்டாம். அங்கே தொடங்கினால் கொட்டாஞ்சேனைக்கு எப்போது வந்து சேருவது?)

இரண்டாவது: உஷாந்தி கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து மூன்று மாதம். கணவன் ஷெல்டன் அம்பெய்யும் போட்டிக்காரன். கழகத்தில் கோணிப்போகும் மரவில்களைச் சூடு காட்டி நிமிர்த்துவதில் கெட்டிக்காரன். அவள் வாசிப்பை அவன் ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் கச்சேரி ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு. ஷெல்டனும் வருவதாகச் சொன்னதில் அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

அன்று காலை கோயிலுக்குப் போனவள் இரண்டரை மணிக்குத் திரும்பியபோது வயலின் பெட்டி திறந்து கிடந்தது.

"உஷா, உங்கட வில்லு மற்றப் பக்கம் வளைஞ்சு கிடந்திச்சு," என்றான் ஷெல்டன். "நாணைப் பிழையாப் பூட்டினா எங்கட வில்லும் அப்பிடித்தான் கெட்டுப்போகும். முடியைக் கழட்டிட்டு, அடுப்பில சூடு காட்டித் திருத்தி, முடியைத் திரும்பப் பூட்டிட்டன்."

3

(ஒரு குறிப்பு. ஷெல்டன் மடையன் அல்ல. கொம்பும் தசைநாரும் ஒட்டி வலுவேறி, போன நூற்றாண்டில் கப்பியும் பூட்டிக்கொண்ட அம்பு வில்லின் கதை முழுக்க அவனுக்குத் தெரியும். வயலின் வில்லின் கதைதான் தெரியாது. அதுவும் ஒரு காலத்தில் வேட்டை வில்லைப் போல வெளியே புடைத்துத்தான் இருந்தது. பிறகு நிமிர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற காலத்தில் அதைச் சூடு காட்டி உள்ளே குனிய வைத்தார்கள். தந்தியில் நன்றாகத் துள்ள அப்போதுதான் பழகியது. அத்தனை பேர் பாடுபட்டு வளைத்ததை ஷெல்டன் ஒரு காஸ் அடுப்பில் கால் மணித்தியாலத்தில் திருப்பிவிட்டான்.)

4

முந்தைய வரைவில் உஷாந்தி வில்லை எறிந்து கத்தினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். அவன் முகம் பரிசு கொடுத்தவனின் முகமாக இருந்தது. கோபத்தோடேயே வில்லைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"தாங்க்ஸ்," என்றாள்.

இரவல் கேட்க நேரமில்லை. அந்த வில்லோடேயே பாடகிக்குப் பக்கவாத்தியமாக மேடையேறினாள். ஆலாபனையில் ஒலி மெத்தென்று விழ, அவளே ஆச்சரியப்பட்டாள். இப்படியும் ஒரு குரல் இருக்கிறதா? வேகமான சுரம் வந்ததும் வில் காலை வாரியது. துள்ள வேண்டிய இடத்தில் இழுபட்டது. பாடகி திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் ஷெல்டன் மட்டும் கை தட்டினான்.

(அந்தத் தனிக் கைதட்டலை நான் காதால் கேட்டேன். புடைத்த வில்லை விட்டால், கதையில் அது ஒன்றுதான் உறுதியான உண்மை.)

5

முடிவு அ: அவள் சொல்லிவிடுகிறாள். அவன் மறுபடி சூடு காட்ட, வில் முறிகிறது.

முடிவு ஆ: அவள் சொல்லவில்லை. களவாக வேறு வில் வாங்குகிறாள். அதையும் ஒருநாள் அவன் அன்போடு திருத்துவான்.

இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த கிழமை இன்னொரு கச்சேரி இருக்கிறது. வில்லைத் திரும்ப உள்ளே வளைக்கத் தெரிந்த கை அவள் அறிய ஒன்றுதான். கெடுத்ததும் அதே கைதான்.

கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழி. காலி வீதி என்ற நெரிசல் தெருவில், சிவப்பு விளக்கில் ஓட்டோ நிற்கிறது. பெட்டி ஷெல்டனின் மடியில்.

"உண்மையச் சொல்லுங்க உஷா. வில்லு இப்ப சரியா?"

"ஓம்" என்று எழுதினேன், வெட்டினேன். "இல்லை" என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். இனி வரும் குண்டு குழியில் பெட்டி அடிபடாமல் அவன் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருப்பதைப் பார்த்தபடி அவள் வாய் திறக்கிறாள். மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு இதற்கு மேல் கேட்காது. இப்போது அவளுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.