முழுசாக ஒரு ராகம்

1

இந்தக் கதை பாதி பார்த்தது, மீதி புளுகு. எழுபத்தெட்டாம் வருஷம், ஆடித்தபசுத் திருவிழா சமயம். சங்கரன்கோவில் தெற்கு ரத வீதியில் நாகசுரக் கச்சேரி. கூட்டத்தின் நடுவே ஒரு பெண் எழுந்து மேடையைப் பார்த்து ஏதோ சொன்னாள். நான் கடைசியில் நின்று கடலை கொறித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அதனால்தான் எழுத வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: 'விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஆறுமுகத்தாய், ஒருநாள் கல்யாணி ராகத்தில் மனதைப் பறி…'

வேண்டாம். அவளுக்குக் கல்யாணியும் தெரியாது, காம்போதியும் தெரியாது. பகலெல்லாம் தறிச் சத்தம். வீட்டில் ஒருநாள் ரேடியோவில் தற்செயலாக ஒரு ஆலாபனை. அவசரமே இல்லாத அந்தக் குரல் பிடித்துப்போனது. மறுநாளும் தேடினாள். முதலில் எல்லாம் ஒன்றுபோலிருந்தது. போகப்போக, 'இது நேத்து வந்தது இல்ல, வேற' என்று காது சொல்லத் தொடங்கியது. ஆனால் ஒன்றைக்கூட முடிவுவரை கேட்டதில்லை. புருஷன் மருதப்பன் வந்து, "என்னட்டி, ஒப்பாரி மாதிரி இழுக்கான்!" என்று இலங்கை வானொலிக்குத் திருப்பிவிடுவான்.

(அவனைக் கெட்டவன் ஆக்க மாட்டேன். சினிமாப் பாட்டென்றால் அவனுக்கு உயிர். எனக்கும்தான்.)

3

ராகத்தின் பெயர்கூடத் தெரியாதவளை ரசிகை என்றால் வாசகர் நம்புவாரா? சந்தேகம் வந்து பேனாவை மூடப் போனேன். அவளே கேட்டாள்:

"ஏன் அண்ணாச்சி, பேரு தெரிஞ்சாத்தான் பிடிக்கணுமா? எனக்குப் பிடிச்சிருக்கு. எழுதுங்க."

4

கச்சேரி. வித்துவான் ராகத்தை விரித்துக்கொண்டே போகிறார். கூட்டத்தின் நடுவே ஆறுமுகத்தாய். மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு போகிறது. ஊர் வழக்கம் அது. சீட்டு வந்தால் ராகத்தைச் சுருட்டிவிட்டுச் சினிமாப் பாட்டு ஊத வேண்டும். அனுப்பியவன் மருதப்பன். வித்துவான் நிறுத்திவிட்டுச் சீட்டைப் பிரிக்கிறார்.

இன்றைக்கும் விட்டால் ஒரு ராகத்தை முழுசாகக் கேட்பது நடக்காது என்று அவளுக்குத் தெரியும். [ஊர் என்ன பேசும், புருஷன் மானம் என்ன ஆகும் என்று இங்கே ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். அவள் அவ்வளவு யோசிக்கவில்லை.] எழுந்தாள்.

"அண்ணாச்சி, அந்தச் சீட்டு எங்க வீட்டுக்காரரு குடுத்தது. அது பொறவு இருக்கட்டும். இப்ப ஊதுனத முழுசா ஊதுங்க. நான் கேக்கணும்."

முன்வரிசையில் மருதப்பன் துள்ளி எழுந்தான். "ஏட்டி, உக்காரு!"

"நீங்க உக்காருங்க. மறைக்குது."

கூட்டம் குபீரென்று சிரித்தது. மருதப்பன் உட்கார்ந்தான். வித்துவான் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விட்ட இடத்தில் தொடராமல், முதலிலிருந்து வாசித்தார். ஆறுமுகத்தாய் கடைசிவரை கேட்டாள். கண்ணில் நீர் வழிய, துடைக்காமல் கேட்டாள். ஜெயித்துவிட்டாள்! எழுதும்போதே எனக்குக் கை தட்ட வேண்டும்போலிருந்தது.

5

மருதப்பன் கோபித்துக்கொண்டு போவது ஒரு முடிவு. மனம் மாறி அவள் பக்கத்தில் வந்து உட்காருவது இன்னொன்று. இரண்டையும் கிழித்துப் போட்டேன். வித்துவான் வாத்தியத்தை இறக்கி, நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டுவிட்டார்:

"அடுத்து என்ன வாசிக்கட்டும், தாயி?"

தெருவே அவளைத் திரும்பிப் பார்க்கிறது. மருதப்பனும்தான். ஆறுமுகத்தாய் வாயைத் திறக்கிறாள்.

என்ன சொன்னாள் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத ராகமோ, புருஷனுக்குப் பிடித்த பாட்டோ, எதுவானாலும் சரி. வித்துவான் அதைத்தான் வாசிக்கப் போகிறார்.