கட்டிலை விட்டு இறங்கும் முன்

"ஏட்டி ஜின்சி, செபமால எங்க இருக்குன்னு பாத்து எடுத்துட்டு வா. உங்கம்மைக்கு கை விறைச்சுப் போனா பொறவு கோக்க முடியாது" என்று சிலுவம்மை அத்தை கூடத்திலிருந்து விரட்டியதும், ஜின்சி அம்மாவின் அலமாரியைக் குடைந்தாள்.

புடவைகளுக்கு அடியில் செபமாலைப் பை இருந்தது. நாடாவைத் தளர்த்திக் கையில் கவிழ்த்தாள். மாலையோடு சேர்ந்து சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகளும் விழுந்தன. ஒரு கைப்பிடி இருக்கும். சில நமுத்துப்போய் ஓரம் உதிர்ந்திருந்தன.

பிரஷர் மாத்திரைகள். அப்பா தினமும் காலையில் அட்டையிலிருந்து பிதுக்கி அம்மாவின் உள்ளங்கையில் வைக்கும் மாத்திரைகள்.

மீன் சருவத்தைத் தலையில் சுமந்து மணவாளக்குறிச்சி சந்தைக்கு நடந்து நடந்தே அம்மா விக்டோரியாவின் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு போயிருந்தன. போதாக்குறைக்கு பிரஷரும் வந்தது. மாத்திரை தொடங்கிய பிறகு கணுக்கால் இரண்டும் பொதுபொதுவென்று வீங்கின. "நரம்பு ஒரு காரணம், இந்த மாத்திரை இன்னொரு காரணம். ரத்தம் பரிசோதிச்சிட்டு வாங்க, வேற மாத்தித் தாறேன். அதுவரைக்கும் நீங்களா நிறுத்திராதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் வெரிகோஸ் சாக்ஸ் ஒரு ஜோடியும் எழுதிக் கொடுத்தார். காலையில் கட்டிலை விட்டுக் காலைத் தரையில் வைக்கும் முன்னால் போட்டுவிட வேண்டுமாம்.

ரத்தப் பரிசோதனை தள்ளிக்கொண்டே போனது. "அங்க வரிசையில போயி நிக்கதுக்கும் இந்தக் காலுதானே வேணும்?" என்று விக்டோரியா சிரித்து மழுப்பிவிடுவாள்.

சாக்ஸ் போட்டுவிடும் வேலையை அப்பா ததேயுஸ் ஏற்றுக்கொண்டார். கட்டின வேட்டியைக்கூட ஒருநாளும் மடித்து வைத்தறியாத மனுசன். இடுப்பு வலியால் கடலுக்குப் போவதை நிறுத்தியிருந்தவர், விடியற்காலையில் மனைவியின் காலடியில் குத்தவைத்து, பவுடர் தட்டி, வீங்கிய காலோடு மல்லுக்கட்டுவார். முடித்து எழுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும்.

"உங்கப்பா கட்டில் காலப் புடிச்சிட்டு எந்திரிக்கத பாத்தா எனக்கு சங்கடமா இருக்கு மக்கா. இந்த வீக்கம் மட்டும் இல்லன்னா சாக்ஸ் சுளுவா ஏறிரும்" என்று அம்மா ஒருநாள் போனில் சொன்னாள். களியக்காவிளையில் புகுந்த வீட்டு அடுப்படி வேலையோடு வேலையாக ஜின்சி அதை உம் கொட்டிக் கேட்டிருந்தாள்.

அதன் பிறகு வீக்கம் வற்றத் தொடங்கியது. ததேயுஸுக்குத் தலைகால் புரியவில்லை. விக்டோரியாவின் பாதங்களைப் படமெடுத்து மகளுக்கும், குவைத்திலிருந்த மகன் டிஜோவுக்கும் அனுப்பினார். டீக்கடையிலும் காட்டினார். "எல்லாம் கைப்பக்குவம்" என்றார். அந்தப் படத்தைப் பார்த்து ஜின்சியும் சந்தோஷப்பட்டாள். இப்போதுதான் காரணம் புரிந்தது. உங்க கைப்பக்குவம் இல்லப்பா, அம்மா மாத்திரையை நிறுத்தினதுனாலதான் என்று யார் அவரிடம் போய்ச் சொல்வது?

மாத்திரைகளைத் துப்பட்டா நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, செபமாலையோடு கூடத்துக்கு வந்தாள்.

விக்டோரியா கட்டிலிலேயே கிடந்தாள். அன்று விடியும்போது தலை பிளக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள், வாந்தியெடுத்து அப்படியே சாய்ந்துவிட்டாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பிரஷர் கூடி மூளையில் ரத்தம் கசிந்திருக்கும் என்று, வந்து பார்த்த டாக்டர் சொன்னார்.

யாரோ ததேயுஸின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்திருந்தார்கள். அதில் டிஜோ விம்மிக்கொண்டிருந்தான்.

"அப்பா, மாத்திர ஒழுங்கா குடுத்தீயளா?"

"குடுத்தேன்டே."

"பின்ன எப்படிப்பா பிரஷர் கூடும்? மறந்திருப்பீய. சும்மா நெனச்சுப் பாருங்க, மறந்திருப்பீய."

ததேயுஸ் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு மகளை ஏறிட்டார்.

"மக்கா, நேத்தைக்கு குடுத்தேன்னுதான் நெனைக்கேன். குடுக்கல்லியோ? எனக்கு இப்பம் ஒண்ணும் ஓர்ம வரமாட்டேங்கு."

இடுப்பிலிருந்த முடிச்சு ஜின்சியை அழுத்தியது. அதை அவிழ்த்துக் காட்டினால் மறந்த பழி அவரை விட்டுப் போய்விடும். ஆனால் அவருடைய இடுப்பு வலிக்காகத்தான் விக்டோரியா மாத்திரையை ஒளித்தாள் என்பது மட்டும் அவருக்கு மிச்சமாகும். அதைச் சுமந்துகொண்டு இந்த வீட்டில் அவர் தனியாக எப்படி இருப்பார்?

"குடுத்தீயப்பா. நேத்து போன்ல அம்மையே சொன்னா. அப்பா மாத்திர தந்தாரு, முழுங்கியாச்சுன்னு. டேய் டிஜோ, மாத்திர முழுங்கினாலும் சிலருக்கு இப்படி வரும்டே. அப்பாவ ஒண்ணும் கேக்காத."

பொய் இவ்வளவு தெளிவாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ததேயுஸ் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார்.

முற்றத்தில் பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வந்தார்கள். சிலுவம்மை அத்தை சவத்துக்குப் போடும் புது வெள்ளைச் சாக்ஸைப் பிரித்தாள்.

"நில்லுங்க" என்றார் ததேயுஸ். ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த வெரிகோஸ் சாக்ஸையும் பவுடர் டப்பாவையும் எடுத்து வந்தார். "அவள இறக்கதுக்கு முன்ன போடணும். இன்னைக்கு இன்னும் போடல்ல."

"அண்ணே, இப்பம் அது எதுக்கு?"

அத்தையின் கையிலிருந்த வெள்ளைச் சாக்ஸை ஜின்சி வாங்கிக்கொண்டாள். "இருக்கட்டும் அத்தை. இத அதுக்கு மேல போட்டுக்கிடலாம்."

அப்பாவின் கக்கத்தில் கைகொடுத்து மெல்லத் தரையில் உட்காரவைத்தாள். அவர் பவுடரைத் தட்டித் தேய்த்தார். சாக்ஸைச் சுருட்டி விரல்களில் மாட்டி, குதிகாலைத் தாண்டி மேலே இழுத்தார். சிரமமில்லாமல் ஏறியது.

"பாத்தியா மக்கா, வீக்கமே இல்ல."

"பாத்தேன்பா."

முழங்காலுக்குக் கீழே விழுந்திருந்த ஒரு சுருக்கத்தைக் கட்டைவிரலால் நீவிச் சரிசெய்தார். அடுத்த சாக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"மத்தக் கால நீட்டு" என்றார், பழக்கத்தில். சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.

ஜின்சி குனிந்து அம்மாவின் மற்றக் காலைத் தூக்கிப் பிடித்தாள்.