மூன்று வாக்கியம், ஒரு நட்சத்திரம்

...ஆறு மணிக்குக் குழுவை மூடிவிடுவாளாம் ஊசி, இப்போது ஐந்து நாற்பது, ரத்த மாதிரிக் குழாய்களைச் சுழற்றும் இந்த இயந்திரம் நிற்கப் பத்து நிமிடம், அதற்குள் லாரிக்கு எழுதியாக வேண்டும், ஆனால் என்னவென்று? ஏழு வருடமாகச் சொல்லாததைப் பத்து நிமிடத்தில் எப்படிச் சொல்வது... ஆங்கிலம் பழக நாங்கள் நால்வர் கைப்பேசியில் வைத்திருக்கும் குழுவில் ஊசி காலையிலேயே அறிவித்துவிட்டாள், குழுவுக்கு யாரும் வருவதில்லை, பூட்டிவிடுகிறேன், சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று. பிசிறில்லாத ஆங்கிலம், தையல் கடையில் இடுப்பளவு கேட்கத் திணறிய அதே ஊசியா என்று சிரிப்பு வந்தது, அப்புறம்தான் கீழே பார்த்தேன், அதை லாரியும் படித்திருக்கிறார். ஊசி, ரொட்டி, லாரி, துளி... செய்யும் தொழில்தான் பெயர், துளி நான்தான், ரத்தப் பரிசோதனைக்காரிக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள். முகம் பார்த்ததில்லை, ஊர் கேட்டதில்லை, தெரியாமல் ஒரு தமிழ்ச் சொல் எழுதிவிட்டால் அபராதமாகப் பத்து வாக்கியம். தினமும், நடந்ததை ஆளுக்கு மூன்று வாக்கியமாக எழுத வேண்டும், மற்ற மூவரும் ஆளுக்கொன்றைத் திருத்த வேண்டும், கடைசி வாக்கியத்தைத் திருத்துகிறவர் ஒரு நட்சத்திரம் வைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கூடம். இதே முக்காலி, இதே உறுமல், இயந்திரம் நிற்பதற்குள் என் மூன்றையும் முடித்துவிடுவேன், நேற்று நடந்ததையெல்லாம் இப்போது நடப்பதாகவே எழுதிவைப்பேன், லாரி தன் பங்குக்கு வந்ததை இறந்தகாலத்துக்குத் தள்ளிவைப்பார், துளிக்கு நேற்று முடிவதே இல்லை என்று கிண்டல் வேறு. என்ன நாட்கள் அவை... ரொட்டியின் அடுப்பு அணைந்ததும், ஊசிக்கு முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்ததும், சுங்கச்சாவடி வரிசையில் லாரி குடித்த ஆறிய தேநீரும், எல்லாமே மும்மூன்று வாக்கியத்தில்.

முன்மேசை அக்கா கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள். “மிஷின்தானே சுத்துது, உனக்கு ஏன்டி தலை சுத்தின மாதிரி இருக்கு?” ஒரு ஆளுக்கு எழுத வேண்டியிருக்கிறது என்றேன். “நீதான் இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவியே, அப்புறம் என்ன,” என்று அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டாள். பொளந்து கட்டுவதா... அன்றைக்கும் அதைத்தானே செய்தோம். ஏழு வருடத்துக்கு முன் ஒரு நாள் லாரியின் மூன்று வாக்கியம் வந்தது. நேற்று என் மனைவி இறந்துவிட்டாள். வீட்டில் சத்தமே இல்லை. லாரியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போகாமல் உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாக்கியத்தின் வினைச்சொல்லை ஊசி சரிசெய்தாள், இரண்டாவதில் ரொட்டி ஏதோ திருத்தினார், மூன்றாவது வழக்கம்போல என் பங்கு, விடுபட்டிருந்த ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்தேன், நட்சத்திரமும் வைத்தேன், மஞ்சள் நட்சத்திரம். ஐந்து நிமிடத்தில் லாரி மூன்றையும் திருத்தியபடி மறுபடி அழகாக எழுதி, கீழே நன்றி என்று போட்டார். வீட்டுக்குப் போகும் பேருந்தில்தான் மூன்றையும் சேர்த்துப் படித்தேன், அப்போதும் துக்கம் கேட்டு ஒரு வரி எழுதவில்லை, ஊசி தனியாகக் கேட்டிருப்பாள் என்று நான் இருந்தேன், துளி கேட்டிருப்பாள் என்று ஊசி இருந்திருப்பாள். அப்புறம் ஒன்பது நாள் மழையைப் பற்றி, சாலையைப் பற்றி எழுதினார், தவறே இல்லாமல் எழுதினார், பத்தாம் நாளிலிருந்து எழுதவே இல்லை.

இயந்திரத்தின் சத்தம் இறங்க ஆரம்பித்துவிட்டது. உங்கள் மனைவியின் மறைவுக்கு வருந்துகிறேன் என்று ஆங்கிலத்தில் அடித்தேன், படித்துப் பார்த்தேன், திருத்த ஒன்றுமில்லை, நான் தினமும் மருத்துவர்களுக்கு அனுப்பும் அறிக்கை மாதிரி இருந்தது, அழித்தேன். தமிழில் எழுதினால் என்ன, அபராதம் போட ஊசிக்கு இன்னும் பத்து நிமிடம்தானே இருக்கிறது... மன்னிச்சிடுங்க என்று அடித்தேன். அதற்கு முன்னால் ஒரு சொல் வேண்டுமே, அண்ணே என்றா, தம்பி என்றா, சார் என்றா? ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ‘யூ’ என்ற ஒரே சொல்தான், வயது கேட்கும் தேவையே வந்ததில்லை. அவர் எழுதுவதை நிறுத்தும்வரை இரண்டு வருடம் ஒரு மனிதரின் வாக்கியங்களைத் திருத்தியிருக்கிறேன், அவர் தேநீர் ஆறிப்போனதுகூடத் தெரியும், துக்கம் கேட்கப் போய் வாசலில் நின்றால் அவரை எப்படிக் கூப்பிடுவேன்... இயந்திரம் நின்றுவிட்டது, குழாய்களில் மஞ்சள் மேலும் சிவப்பு கீழுமாகப் பிரிந்திருக்கும், எடுக்க வேண்டும், விரல் அந்தச் சொல்லுக்கான வெற்றிடத்திலேயே இருக்கிறது.