ரொட்டியின் ஓரம்

...அதெப்படி, லாரி ஓட்டுகிறவன் கண்ணில் சுர்மா மை இட்டதுபோல ஒரு கறை இருக்கும்? எங்கள் ஜெராதா கரிச்சுரங்க ஊரில் அந்தக் கறையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவோம், கடையில் வாங்கின சுர்மாவா, சுரங்கத்தில் வாங்கினதா என்று, எத்தனை தேய்த்தாலும் இமை வேரில் படிந்த கரித்தூள் போகவே போகாது, என் புருஷன் லக்தரைக் குளிப்பாட்டிக் கிடத்தியபோதுகூட முகமெல்லாம் வற்றிக் கிடக்க, கண் மட்டும் மாப்பிள்ளைக் கண்ணாக இருந்தது... பெண் கேட்டு வந்திருக்கிற இந்தப் பூசியானுக்கு அந்தக் கறை இருக்கிறதா, இல்லையா? வெளிச்சம் அவன் முதுகுப் பக்கம் விழுகிறது, முகம் தெரியவில்லை, வேண்டுமென்றே அங்கே உட்கார வைத்திருப்பாளோ அவன் அம்மா கைரா, நுழைந்ததும் நுழையாததுமாக "நீ ஜன்னல் பக்கம் உக்காருப்பா, காத்து வரும்" என்றாளே, என் வீட்டில் காற்று எங்கே வரும் என்று இவளுக்கு என்ன தெரியும்? சரி, தெரியும்தான், அவள் புருஷனும் சுரங்கக் கம்பெனிக்காரன், கம்பெனி கட்டின வீடெல்லாம் ஒரே அச்சு, சுரங்கத்தை மூடினபிறகுதானே இவர்கள் கென்ஃபூதாவுக்குக் குடி போனார்கள். ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தான்.

சோப்பு வாசனை வேறு. பெண் கேட்டு வருகிறவன் குளித்துவிட்டு வருவான், அதில் ஒன்றும் இல்லை, ஆனால் இது முகத்துக்குப் போடுகிற சோப்பு இல்லை, துணி துவைக்கிற தூள், கரி ஒட்டினவனைத் தவிர அதைப் போட்டு யார் உடம்பைத் தேய்ப்பார்கள்? "பிள்ளை என்ன வேலை பண்றார் அக்கா?" என்று தெரியாதவள் மாதிரி மறுபடி கேட்டேன். கைரா கேள்வி முடியுமுன்னே பதிலை வைத்தாள், "பெர்கான்ல ஆரஞ்சு ஏத்துற லாரி ஓட்டுறான் யம்னா, எங்க பிள்ளை தரைக்கு மேலதான் சம்பாதிக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்." தரைக்கு மேலே! நான் கேட்டேனா, மேலேயா கீழேயா என்று? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது. என் மகன் மிலூத் வேறு, வீட்டுக்கு ஆம்பிளையாக லட்சணமாக நடுவில் உட்கார்ந்துகொண்டு, "உம்மா, போலீஸ் விசாரணை மாதிரி கேக்காதீங்க, பாவம், டீ குடிக்கட்டும்" என்று சிரிக்கிறான், மாப்பிள்ளையும் அவனும் அதற்குள் ஒட்டிக்கொண்டாயிற்று, தங்கச்சியைத் தள்ளிவிட அவ்வளவு அவசரம். நான் விடுவதாக இல்லை. லக்தர் ஒரு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினார், படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று, அந்த மூச்சுச் சத்தம், ஓட்டைத் துருத்தி ஊதுகிற சத்தம், அதைக் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்திருந்தவள் நான், என் பெண் சிஹாம் அப்படி உட்காரக் கூடாது, கீழே இறங்குகிற எவனுக்கும் இந்த வீட்டு வாசல் இல்லை, அல்லாஹ் மேல் சத்தியமாக இல்லை.

ஒரு காலத்தில் இதையெல்லாம் யாராவது மறைத்தார்களா? பிரெஞ்சுக்காரன் மலையைக் குடைந்ததிலிருந்து சூஸ் பக்கமிருந்தும் ரிஃப் மலையிலிருந்தும் ஆள் வந்து குவிந்த ஊர் இது, சுரங்கக்காரன் என்றால் பெண் கொடுக்க நான் நீ என்று நின்றார்கள், என் வாப்பாவே "சுரங்கத்து மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்றார், கண்ணை மூடிக்கொண்டுதான் கொடுத்தார்... கம்பெனியில் வீடு கொடுத்தான், கரண்டு கொடுத்தான், சினிமாக் கொட்டகை, நீச்சல் குளம், வெள்ளிக்கிழமையானால் நாதோரிலிருந்து மீன், பட்டணத்து ஊஜ்தாக்காரிகள் எங்களைப் பார்த்து வயிறெரிந்த காலம். அப்புறம் ஒருநாள் கேட்டை மூடினான், ரயில் நின்றது, தண்டவாளத்தைக்கூட எவனோ அறுத்து விற்றான், இருமலை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டான். இப்போது மலை முழுக்க முயல் வளை மாதிரி பொந்து, கயிற்றைக் கட்டி இறங்குகிறார்கள், ஏறி வந்தால் ஒரு மூட்டைக் கரி, வராவிட்டால் ஊரே மண்வெட்டியோடு ஓடுகிறது. ஆனால் பெண் கேட்டு வரும்போது மட்டும் எல்லோரும் லாரி ஓட்டுகிறார்கள், இத்தனை லாரி இருந்தால் ரோடு ஏன் காலியாகக் கிடக்கிறது?

அதற்காகத்தான் இன்று ரொட்டியை நானே சுட்டேன், எண்ணெயும் தேனும் கிண்ணம் நிறைய வைத்தேன், தின்னட்டும், பார்ப்போம். சுரங்கத்தில் கை கழுவத் தண்ணீர் கிடையாது, கரிக்கையால் பிடித்த ஓரத்தை வாயில் வைக்க முடியாது, ரொட்டியை வீசுவதும் பாவம், அதனால் அந்த விரலளவு ஓரத்தை எலிக்கு வைத்துவிடுவார்கள், கூரை சரியுமுன் எலிதான் முதலில் ஓடிச் சொல்லும், அதனால் அதற்கு ஒரு பங்கு. பழகின கை மேலே வந்தாலும் மறக்காது, பெருநாள் விருந்தில் பளபளவென்று கழுவின கையோடு உட்கார்ந்தும் லக்தர் ஓரத்தை வைத்துவிட்டு எழுந்திருப்பார், அவருக்கே தெரியாது. கண்ணைக் கழுவலாம், நகத்தை வெட்டலாம், இதை எப்படி மறைப்பான் இந்தப் பூசியான்? "எடுத்துக்கோங்க தம்பி, கூச்சப்படாதீங்க, நல்லாச் சாப்பிடுங்க" என்று துண்டுமேல் துண்டாக அவன் பக்கம் தள்ளினேன். அவன் பிஸ்மில்லா சொல்லி எடுத்தான், தோய்த்தான், கடித்தான்... கடைசித் துணுக்கை வைத்துக் கிண்ணத்தைத் துடைத்து, அதையும் வாயில் போட்டுக்கொண்டான். இரண்டாவது துண்டும் அப்படியே. ஓரம் என்று ஒன்று மிஞ்சவே இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது, நல்ல பையனைப் போய்... ஒருவேளை நிஜமாகவே ஆரஞ்சு லாரிதானோ?

சரி என்று தட்டை எடுக்கக் குனிந்தேன். மிலூத் பக்கத்தில் ஒரு ஓரம் இருந்தது. விரலளவு. அதன் பக்கத்தில் இன்னொன்று. பல்வலியா இவனுக்கு? பசியில்லையா? சின்னதில் தட்டையே நக்குகிறவன்... போன வாரமும் இவன் எழுந்த இடத்தில் நான்தானே பொறுக்கிப் பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போட்டேன், ஊஜ்தா போனதிலிருந்து பிள்ளைக்கு மிச்சம் வைக்கிற பழக்கம் வந்துவிட்டது என்று திட்டினேனே, டயர் கடையில் வேலை, வெள்ளிக்கிழமை தோறும் குளித்து மணக்க மணக்க வருவான், என் பிள்ளை எவ்வளவு சுத்தம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன், சலவைத் தூள் ஏன் இப்படித் தீர்கிறது என்று சிஹாமைத்தான் ஏசினேன், யா ரப்பி, நான் யார் கண்ணை இத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்? அவன் முகத்தை இப்போது நிமிர்ந்து பார்க்கலாம், இரண்டு முழம் தள்ளித்தான் இருக்கிறான், வெளிச்சம் நேராக அவன்மேல்தான் விழுகிறது. என்னால் முடியவில்லை.

நிமிர்ந்தால் கைரா. அவளும் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சுரங்கத்தானுக்குச் சோறு போட்டவள்தானே. "உங்க மிலூத்துக்கு ஊஜ்தாவுல டயர் கடையிலதானே வேலை?" என்றாள், மெதுவாக, பக்குவமாக. "ஆமாக்கா, டயர் கடைதான், ரொம்ப நல்ல முதலாளி," கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிட்டது எனக்கு, என் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது, இப்போதுதான் கேட்டேன், இவள் வாயில். என் கை தானாகப் போய் இரண்டு ஓரத்தையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது, ஆளைப் பிடிக்க வலை விரித்தவள், அவசர அவசரமாக மென்றேன். கைரா என் முழங்கையைத் தொட்டாள். "எங்க வீட்லயும் நான்தான் தின்னுடுவேன் யம்னா," என்றாள், "பிள்ளைகிட்டயும் சொல்லிச் சொல்லிப் பழக்கியாச்சு, போற எடத்துல மிச்சம் வைக்கக் கூடாதுன்னு. சரி, பொண்ணை எப்ப அனுப்புறீங்க?" அந்தப் பக்கம் மிலூத்தும் பூசியானும் எதற்கோ தோளில் தட்டிச் சிரிக்கிறார்கள், இன்றைக்குத்தான் பார்த்துக்கொண்டவர்கள் அப்படியா சிரிப்பார்கள்? திரைக்குப் பின்னால் சிஹாமின் வளையல் சத்தம் நின்றுவிட்டது. இல்லை என்று சொல்லப் பார்த்தேன், வாய் நிறைய ரொட்டி.