நான்காவது வண்டியின் அடியில்

அன்று அந்த வண்டிக் கடை முற்றத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். லீலண்ட் வாவ்ரா, அவருடைய அக்கா ஆர்லீன், லீலண்டின் மகன் டுவைட், பக்கத்துப் பண்ணைக்காரர் மெர்ல் ஸ்டோபர், கடையின் விற்பனையாளர் ஹால்சி. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த பெண்ணை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பின்னால் ஊருக்குள் வாய் கிழியப் பேசியவர்கள் பலர் அன்று அந்தத் தெருப் பக்கமே வராதவர்கள்.

"பிடிக்கா," என்று தொப்பியைக் கழற்றி நீட்டினார் லீலண்ட். மூன்றாவது முறையாக ஆர்லீன் அதை வாங்கிக்கொண்டார். லீலண்ட் ஜல்லித் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச்சைக் கையில் பிடித்து, முதுகாலேயே நகர்ந்து பிக்கப் வண்டியின் அடியில் போனார். பூட்ஸ் இரண்டும் மட்டும் வெளியே நின்றன.

"எழுபத்தாறு வயசுல இது தேவையா?" என்றார் ஆர்லீன். "அடியில என்னடா இருக்கு? மேல பாத்து வாங்கினா ஆகாதா?"

"மேல எல்லாம் பெயின்ட்டுக்கா," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

வியாழக்கிழமை கன்றுகளைச் சந்தைக்கு ஏற்ற வேண்டும். பழைய வண்டி வசந்த காலத்திலேயே போய்விட்டது. சினைக் கிடாரிகளை ஏற்றிய டிரெய்லரோடு ஆற்று மேட்டில் ஏறும்போது நின்றது, பிறகு கிளம்பவில்லை. மெர்ல் ஸ்டோபர் வந்து வண்டி, டிரெய்லர், கிடாரிகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, ஊரின் நடுத்தெரு வழியாக இழுத்துவந்தார். அது காபிக் கடை நிறைந்திருக்கும் நேரம். மூன்று தலைமுறையாக யாரிடமும் ஒரு கயிறுகூடக் கடன் கேட்காத குடும்பம் வாவ்ரா குடும்பம். அன்று தெருவில் ஜன்னலை ஏற்றிவிட்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவர் ஆர்லீன். இன்றைக்கும் மெர்லுடைய வண்டியில்தான் வந்திருந்தார்கள். இருட்டுவதற்குள் ஒரு வண்டியை வாங்கி, அதில்தான் வீடு திரும்புவது என்று ஆர்லீன் காலையில் அடுப்படியிலேயே சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்.

லீலண்டுக்கு எந்த வண்டியும் பிடிக்கவில்லை.

முதலாவது, டுவைட் ஆசைப்பட்ட சிவப்பு வண்டி. எவ்வளவு எடையும் இழுக்கும் என்று ஹால்சி சொன்னார். லீலண்ட் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று தூணில் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இழுக்கும் சரி. முதுகுல தாங்குமா? நாம நாலு பேரு ஏறி உக்காந்தாலே பாதி போச்சு."

அவர்களுடைய டிரெய்லரின் கழுத்து, சரக்கு ஏற்றும் பின்தட்டின் நடுவில் வந்து உட்காரும். அந்தப் பாரம் முழுக்க வண்டியின் முதுகில் இறங்கும். இழுவையை மட்டும் விசாரித்து வாங்கிவிட்டு, பின்புறம் தரையைத் தேய்க்க, முன்விளக்கு வானத்தைப் பார்க்க வீடு வந்தவர்கள் அந்த மாவட்டத்தில் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவதில் இருக்கை சூடாகும், முதுகையும் பிடித்துவிடும் என்றார் ஹால்சி.

"சூடு வேணும்னா எங்கக்காகிட்ட ரெண்டு வார்த்தை பேசினாப் போதும்," என்றார் லீலண்ட். "பின்தட்டு இவ்வளவு குட்டையா இருக்கே. திருப்பத்துல டிரெய்லர் மூக்கு வந்து பின்கண்ணாடிய உடைச்சிட்டு உள்ள எட்டிப் பாக்கும்."

"ஏன்டா, பொண்டாட்டியத் தேர்ந்தெடுக்கக்கூட நீ இவ்வளவு யோசிக்கலையே," என்று மெர்ல் சிரித்தார்.

"அவதான் என்னைத் தேர்ந்தெடுத்தா. அடியில படுத்துப் பாக்காம எடுத்துட்டா, பாவம்."

மூன்றாவது வண்டியின் அடியிலிருந்து இப்போது தலையை ஆட்டிக்கொண்டே வெளியே வந்தார். "அடிச்சட்டம் துருப்பிடிச்சிருக்கு. யாரோ வெல்டிங் வச்சு மேல கறுப்பு பூசியிருக்கான்."

ஹால்சி குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கு முன்னால வச்சிருந்தவர் எங்ககிட்ட சொல்லல சார்," என்றார். முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ நாலாவது?" என்று ஆர்லீன் கேட்டார். குரல் ஏறிவிட்டது. "இல்ல இன்னும் நாப்பது பாக்கணுமா?"

நான்காவது வெள்ளை வண்டி. நீளமான பின்தட்டு, டீசல் எஞ்சின், பின்னால் இரட்டைச் சக்கரம். லீலண்ட் சுற்றி வந்தார். கதவுச் சீட்டைப் படித்தார். பின்தட்டில் கையை ஊன்றி அழுத்தினார். இடது தோளைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார்.

"திரும்பவுமா? வேண்டாம்டா, சட்டையப் பாரு. எண்ணெயும் புழுதியும். யாரு துவைக்கிறது?"

"பிடிக்கா," என்றார் லீலண்ட்.

பூட்ஸ் இரண்டும் வெளியே நின்றன. அடியில் டார்ச் வெளிச்சம் இங்கும் அங்கும் போய், பின் அச்சின் மேல் நிலைத்தது.

"இது சரியா இருக்கும் அத்தை. அப்பா இவ்வளவு நேரம் பாக்கறாருன்னா பிடிச்சிருக்கு," என்றான் டுவைட்.

"பிடிச்சா வாயத் திறந்து சொல்லணும். காலையிலேருந்து நிக்கிறேன்."

"இன்னைக்கு அமையலைன்னா விடுங்க ஆர்லீன்," என்றார் மெர்ல். "வியாழக்கிழமை நான் வந்து ஏத்திட்டுப் போறேன். எனக்கு அதே வழிதான்."

"வேண்டாம். ரொம்ப நன்றி." ஆர்லீன் பூட்ஸைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டியாடா? மறுபடியும் ஸ்டோபர்தான் நம்ம கன்னுங்கள ஏத்திட்டுப் போகப்போறாராம். நடுத்தெரு வழியா. உனக்கு நல்லா இருக்கா?"

பதில் இல்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு அது வழக்கம். தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்று தோன்றிவிட்டால் லீலண்ட் பதில் சொல்ல மாட்டார். ஆர்லீனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

"வேணும்னே பேசாம இருக்கான். வெளிய வாடா. சட்டை பாழாப்போகுது."

நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அக்டோபர் காற்று சொல்லிக்கொண்டு வராது. தொப்பி ஆர்லீனின் கையிலிருந்து நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தொப்பிய விட்டுடுவேன், சொல்லிட்டேன். மணற்குன்று வரைக்கும் போய்த்தான் நிக்கும்."

அந்தத் தொப்பியை லீலண்ட் அக்காவைத் தவிர யாரையும் தொட விடுவதில்லை. அப்போதும் பதில் இல்லை. டார்ச் வெளிச்சம் அச்சின் மேல் வைத்த இடத்திலேயே இருந்தது.

முதலில் சிரிப்பை நிறுத்தியவர் மெர்ல். முட்டி போட்டுக் குனிந்தார். "லீலண்டு," என்றார். இன்னும் தாழ்ந்த குரலில், "டேய் லீலண்டு," என்றார். பிறகு, "டுவைட், அந்தக் காலப் பிடிப்பா," என்றார்.

ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக ஸ்டோபர் ஒரு வாவ்ராவை இழுக்க வேண்டியிருந்தது. இந்த முறை அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஹால்சி ஆம்புலன்ஸைக் கூப்பிட உள்ளே ஓடினார். அது சீக்கிரம்தான் வந்தது. வந்தவர்கள் அவசரப்படவில்லை.

ஆர்லீன் அழவில்லை. தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அவரைத் தூக்கிப்போன பிறகும் அதே இடத்தில் நின்றார்.

"அத்தை, வாங்க போகலாம்."

"டார்ச் எரியுது. எடு."

டுவைட் வண்டிக்கு அடியில் கையை விட்டு எடுத்து அணைத்தான்.

வியாழக்கிழமை கன்றுகள் மெர்லுடைய வண்டியில்தான் போயின. ஆர்லீன் முன்னிருக்கையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துபோனார். நடுத்தெருவில் ஜன்னலை இறக்கிவைத்திருந்தார். சனிக்கிழமை, மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம். தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை சாண்ட்விச்சும் கசகசா ரொட்டியும் காபியும் வைத்தார்கள். அங்கேதான் ஊரில் சுற்றிய அந்தப் பேச்சு ஆர்லீன் காதுக்கு வந்தது. காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, சொன்னவளைத் தேடி மேசை மேசையாகப் போனார். அவள் போய்விட்டிருந்தாள்.

மறுவாரம் டுவைட்டை அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். வெள்ளை வண்டி அங்கேயே நின்றது.

"அப்பா இதப்பத்தி ஒண்ணுமே சொல்லலையே அத்தை," என்றான் டுவைட்.

"நீ படுத்துப் பாரு."

தொப்பியைக் கழற்றி அத்தையிடம் கொடுத்துவிட்டு அவன் மல்லாந்து படுத்து அடியில் போனான். ஆர்லீன் அவன் பூட்ஸைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசிக்கிட்டே பாரு," என்றார்.

"அடிச்சட்டம் நல்லா இருக்கு. துரு இல்ல. அச்சு... அச்சும் நல்லா இருக்கு அத்தை. கொக்கி மாட்டற இடம் புதுசு மாதிரி இருக்கு."

எழுந்து வந்தவனின் முதுகில் ஒட்டியிருந்த ஜல்லிப் பொடியை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். நேரமெடுத்தது. டுவைட் அசையாமல் நின்றான்.

லீலண்ட் வாவ்ரா வண்டிக்கு அடியில் செத்துக் கிடக்க, மேலே நின்று அவர் குடும்பத்தார் விலை பேசிக்கொண்டிருந்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அன்று யாரும் விலை கேட்கவில்லை. அவருடைய அக்கா, சட்டை பாழாகிறது, வெளியே வா என்று சொல்லிக்கொண்டிருந்தார்.